கொள்ளிடத்து உல்லம்

இஸ்ரேலின் ஹூலா ஏரியை 1950-களில் வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு கெண்டை இனம் பிறகு அடியோடு ஒழிந்தது. ஏரி வற்றினால் மீன் சாகும். இதில் புதிர் இல்லை. நம் சிதம்பரம் பக்கம் நடந்தது வேறு. வீராணம் ஏரி இருக்கிறது, கொள்ளிடம் ஆறும் இருக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே நின்று வீராணத்துக்கு வடவாறு வழியே தண்ணீர் அனுப்பும் கீழணைதான் உல்ல மீனின் வழியை மறித்தது.

வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதுதான் உல்லம். கோதாவரிக்காரர்களின் புலாசாவும் இதே. வளர்வது கடலில், முட்டையிடுவது நன்னீரில். புதுவெள்ளம் இறங்கியதும் கூட்டமாக முகத்துவாரம் புகுந்து எதிர்நீச்சலில் ஏறும். அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் ரம்பப் பல்போல விரலைக் கீறும். செவுளில் நெருக்கமாக மெல்லிய முட்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அவற்றால் சலித்துத் தின்னும். ஆகவே தூண்டில் உதவாது, வலைதான். ஆறேறுமுன் சேர்த்துவைக்கும் கொழுப்பில்தான் ருசியே இருக்கிறது. முள்ளுக்குப் பயந்தவர்கள் தொடாமலிருப்பது நல்லது.

1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டினார். பாசனத்துக்குப் பெரிய வரம், மறுப்பதற்கில்லை. ஆனால் சால்மனைப்போல் துள்ளித் தாண்ட உல்லத்துக்குத் தெரியாது. அணையடியில் முட்டி நின்ற கூட்டத்தை வலைபோட்டு அள்ளுவது எளிதாயிற்று. அணைகள் மீனின் வழியை அடைப்பதை மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துச் சொல்லிவிட்டார். பின்னாளில் கீழணையருகே உல்ல முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் குறைந்தது. வெள்ளத்தை நம்பி ஏறும் மீனின் வரத்தும் நொடிந்தது.

உல்லம் இன்னும் கடலில் கிடைக்கிறது. அதனாலேயே ஆற்றில் அது இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்குப் பர்மா பக்கத்து ஆறுகளிலிருந்து ஏறிவந்த பெங்பா மீனுக்கும் இதே கதிதான். 1983-இல் இத்தாய் தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் இயற்கையாக அது அங்கே வருவது நின்றுபோனது. பெங்பாவையாவது பண்ணைக் குளத்தில் வளர்க்கிறார்கள். உல்லத்தை அப்படி வளர்ப்பது லேசான காரியமல்ல.

கீழணைக்கும் கீழே, ஆதனூர்–குமாரமங்கலத்தில் இப்போது இன்னொரு கதவணை எழுந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதிகத் தொலைவில் இல்லை. வெள்ளக் காலத்தில் கதவுகளை எப்போது, எவ்வளவு திறந்தால் மீன் ஏறும் என்று நீர்வளத் துறை அந்த மையத்தாரையும் கலந்து பேசி முடிவு செய்யட்டும்.