படம் உறைந்தால் பரிகாரம் யாது?

நோயாளியைக் கண்ட மாத்திரத்தே மருந்துப் பெட்டியைத் திறப்பவனை நல்ல மருத்துவன் என்று எவரும் கொள்ளார். நோய் எங்கே தொடங்கிற்று, எதனால் வளர்ந்தது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே மருந்தை எண்ணுதல் முறை. இம்முறை உடம்புக்கு மாத்திரம் உரியதன்று. நாம் கையாளும் யந்திரங்களுக்கும் உரியது. கூரைமேல் நாட்டிய அன்ரனாவினால் டிஜிற்றல் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகளிலே, படம் திடீரெனச் சதுரஞ் சதுரமாய்ச் சிதறி, அசைவற்று உறைந்து, முடிவில் இருண்டுபோவதுண்டு. அப்பொழுது வீட்டார் செய்யும் பரிகாரங்களுட் பல, நோயறியாது கொடுத்த மருந்தாகவே முடிகின்றன. அதன் காரணத்தையும், முறையாக ஆராயும் வழியையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

இதற்குப் பிரித்தானியாவை உதாரணமாகக் கொள்ளுதல் பொருந்தும். அங்கே பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிற்றல் முறைக்கு மாறும் வேலை 2007ஆம் ஆண்டிலே கம்பிரியாப் பகுதியின் வைற்ஹேவன் பட்டினத்திலே தொடங்கி, 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆந் திகதி வட அயர்லாந்திலே நிறைவெய்தியது. இலண்டன் மாநகருக்கு ஒளிபரப்பும் கிறிஸ்ரல் பலஸ் கோபுரம் அவ்வாண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி பழைய முறையைக் கைவிட்டது. பிரீவியூ எனப் பெயர் வழங்கும் இவ்வொளிபரப்பை, தொலைக்காட்சி உரிமப் பணம் தவிர வேறு மாதக் கட்டணம் எதுவுமின்றி, கூரை அன்ரனா ஒன்றினாலேயே பெறலாம். வெளியே சென்றுவர இயலாத முதியோர் பலருக்கு அதுவே செய்தியும் பொழுதுபோக்கும் பேச்சுத்துணையுமாய் அமைந்துள்ளது. எம் நாட்டிலிருந்து சென்று பிள்ளைகளோடு அங்கு வாழும் முதியோரும் அவர்களுள் அடங்குவர். ஆதலின் படம் அற்றுப்போதலைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் தகாது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் அறிதல் வேண்டும். பழைய முறையிலே அலை மெலிந்தால் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். மேலும் மெலிந்தால் புள்ளிகள் மிகும். மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ அலை பட்டுத் திரும்பினால் உருவத்தின் அருகே நிழலுருவம் ஒன்று நிற்கும். படமே தன் குற்றத்தை எடுத்துச் சொல்லிற்று எனலாம். 1980களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்ந்த குழாய்களிலே அன்ரனா கட்டி இந்தியத் தூரதர்ஷன் பார்த்தோர் இதனை நன்கறிவர். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயை மெல்லத் திருப்புவார். மற்றவர் உள்ளிருந்து, “தெரியுது, இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ” என்று குரல் கொடுப்பார். கண்ணே அளவுகோலாய் இருந்த காலம் அது.

டிஜிற்றல் முறையிலோ படம் எண்களாக மாற்றி அனுப்பப்படுகின்றது. வழியிலே சில எண்கள் சிதைந்தாலும் அவற்றைத் திருத்திக்கொள்ளுதற்கு வேண்டிய மேலதிக எண்களும் உடன் வருகின்றன. சிதைவு ஓர் எல்லைக்குட்பட்டிருக்கும்வரை பெட்டி அதனைத் திருத்திக் குற்றமற்ற படத்தையே காட்டும். எல்லை கடந்தால் திருத்த இயலாது. படம் சிதறி உறையும். செங்குத்தான பாறையின் விளிம்புக்கு ஒரு முழம் இப்பால் நிற்பவனும் நூறு முழம் இப்பால் நிற்பவனும் பார்வைக்கு ஒரே வகையாகவே நிற்கின்றனர். பெருங்காற்று வீசும்போதுதான் வேற்றுமை தெரியும். நேற்றுவரை தெளிவாயிருந்த படம் இன்று மழைக்குப்பின் அற்றுப்போனால், பழுது இன்றுதான் பிறந்தது என்று துணிதல் ஆகாது. பல மாதமாய் மறைவில் வளர்ந்த பழுது இன்று எல்லையைக் கடந்திருத்தல் கூடும்.

ஆகவே கண்ணை நம்பாது அளவை நம்புதல் வேண்டும். பெரும்பாலான தொலைக்காட்சிப் பெட்டிகளின் அமைப்புப் பகுதியிலே அலையின் வலிமை, அலையின் தரம் என இரு அளவுகளைக் காணலாம். வலிமையும் தரமும் ஒருங்கே குறைந்திருப்பின், வரவேண்டிய அலை வழியில் எங்கோ குறைகின்றது. வலிமை நிறைந்திருந்தும் தரம் குறைந்திருப்பின், வேறோர் அலை வந்து கலக்கின்றது. அன்றேல் வலிமையே அளவு கடந்துவிட்டது. முன்னையதற்குரிய மருந்து பின்னையதற்கு நஞ்சாகும்.

இனி ஆராயும் முறையைக் கூறுவாம். முதலாவது வினா: பழுது நம் வீட்டினதா, அன்றி ஒளிபரப்பும் நிலையத்தினதா? 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி வட யோக்ஷயரிலுள்ள பில்ஸ்டேல் கோபுரத்தில் தீப்பற்றியது. 300 மீற்றருக்கு மேல் உயர்ந்த அக்கோபுரம் செயலற்றுப்போக, வடகிழக்கு இங்கிலாந்திலே பல இலட்சம் வீடுகளில் படம் இல்லாதாயிற்று. அவ்வீடுகளின் அன்ரனாக்களிலே குற்றம் ஏதுமில்லை. அயல்வீட்டிலும் படம் இல்லையாயின் ஏணியைத் தேடவேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. வளிமண்டல அமுக்கம் மிகுந்து வானம் தெளிந்திருக்கும் நாள்களிலே, தொலைதூர நிலையங்களின் அலைகள் வழக்கத்துக்கு மாறாக நெடுந்தூரம் வந்து உள்ளூர் அலையோடு கலப்பதுண்டு. அத்தகைய நாளில் அலைவரிசைகளைப் புதிதாய்த் தேடுமாறு பெட்டியைப் பணித்தல் பெரும் பிழை. முன்பு சேமித்திருந்தவை அழியும், புதியவையும் கிடையா. வானிலை மாறும்வரை பொறுத்திருத்தலே அதற்கு மருந்து.

இரண்டாவது வினா: எல்லா அலைவரிசைகளும் அற்றனவா, சிலவே அற்றனவா? டிஜிற்றல் முறையிலே பல அலைவரிசைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து ஒரே அலையில் ஏறி வருகின்றன. ஒரு கட்டிலுள்ளவை மாத்திரம் ஒருங்கே மறைந்து ஏனையவை நன்றாயிருப்பின், அந்த ஒரு கட்டின் அலைக்கே இடையூறு நேர்ந்துள்ளது என உணரலாம். யாவும் அற்றனவாயின் பழுது பொதுவான வழியில் உள்ளது.

மூன்றாவதாக வீட்டினுள்ளே நோக்குக. சுவரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் சிறிய கேபிள் தளர்ந்துவிட்டதா? அதன் நுனியிலுள்ள செருகியைச் சுற்றிய மெல்லிய கம்பியிழைகளுள் ஒன்று நடுக்கம்பியைத் தொடுகின்றதா? கேபிளைப் பல அறைகளுக்குப் பிரித்திருப்பின், பிரிப்பானை நீக்கி ஒரு பெட்டிக்கு மாத்திரம் நேரே இணைத்துப் பார்த்தல் நன்று. சில வீடுகளில் அன்ரனாவின் அருகே பூஸ்ரர் எனப்படும் மிகைப்படுத்தும் கருவி பூட்டப்பட்டிருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரம் வீட்டினுள்ளே இருக்கும் சிறு கருவியொன்றிலிருந்து கேபிள் வழியாகவே மேலே செல்கின்றது. கூட்டித் துடைக்கும்போது யாரோ அதன் சுவிச்சை நிறுத்திவிட, பழுதெனக் கருதிக் கூரைமேல் ஏறுவோரும் உளர்.

பூஸ்ரரைப்பற்றி ஒரு வார்த்தை. படம் சிதறியவுடன் அதனை வாங்கிப் பூட்டுவதே பலருடைய முதற் பரிகாரம். அது அலையைப் பெருக்கும்போது உடன்வந்த இரைச்சலையும் பெருக்குகின்றது. கெட்டுப்போன அலையை நல்லதாக்கும் ஆற்றல் அதற்கில்லை. கோபுரத்துக்கு அண்மையிலுள்ள வீட்டில் அதனைப் பூட்டினால், அளவுக்கு மீறிய வலிமையினால் பெட்டி திணறிப் படம் முற்றாக அற்றுப்போதலும் உண்டு. அங்கே அலையைக் குறைக்கும் சிறு துண்டமே மருந்து. கைத்தொலைபேசி அலைகளும் இடையூறு செய்யும். தொலைக்காட்சிக்கு உரியனவாயிருந்த 800, 700 மெகாஹேர்ட்ஸ் பகுதிகள் பிரித்தானியாவில் இன்று கைத்தொலைபேசிக்கு உரியனவாயின. தொலைக்காட்சி 694 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே அடங்கிற்று. பழைய பூஸ்ரர் அவ்வேறுபாட்டை அறியாது இரண்டையும் சேர்த்தே பெருக்கும். அயலிலே புதிய கைத்தொலைபேசிக் கோபுரம் எழுந்தபின் படம் கெட்டதாயின், வடிகட்டி ஒன்றை அன்ரனாவுக்கும் பூஸ்ரருக்கும் இடையே பூட்டுதல் வேண்டும். பூஸ்ரர் திணறியபின் வடிகட்டுதலாற் பயனில்லை.

இவற்றாலும் தீராதபோதே கூரையை நோக்குதல் முறை. அங்கே முதற் பகைவன் நீர். கேபிளின் மேலுறை வெடித்தாலோ, இணைப்பு மூடி பிளந்தாலோ, மழைநீர் உட்புகுந்து செப்புப் பின்னலைக் கறுப்பாக்கி அரித்துவிடும். அவ்வாறு நீர் குடித்த கேபிளை உலர்த்துதலினும் மாற்றுதலே தக்கது. அடுத்தது திசை. கூரைகளிற் பெரும்பாலும் காணப்படும் அன்ரனா, 1926ஆம் ஆண்டளவில் யப்பானியரான உடாவும் யாகியும் கண்ட வடிவத்தினது. அதன் முன்புறத்துக் குறுங்கோல்கள் அலை வரும் திசையை நோக்க வேண்டும். பெரிய மறிப்புப் பகுதி பின்னே நிற்கும். காற்றினாற் சிறிது திரும்பினும் தரம் குன்றும். கோல்கள் கிடையாக நிற்கவேண்டுமா, நெடுக்காக நிற்கவேண்டுமா என்பதும் நிலையத்தைப் பொறுத்தது: பிரித்தானியாவின் பெருநிலையங்கள் பெரும்பாலும் கிடையாகவும், துணைநிலையங்கள் பெரும்பாலும் நெடுக்காகவும் அலையை அனுப்புகின்றன. வழியிலே வளர்ந்த மரமும் தடையாகும். இலையுதிர்ந்த மாரியிலே நன்றாயிருந்த படம், தழைத்த கோடையிலே மழைபெய்யும்போது சிதறுதல் இதனாலேயாம்.

இவ்வொழுங்கை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று சோதனைகளுக்கும் செலவு இல்லை, ஆபத்தும் இல்லை. கூரையோ, வழுக்கும் ஓடும் உயர்ந்த புகைபோக்கியும் உடையது. தொலைக்காட்சி இல்லாத ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; முதியவர் ஒருவர் ஏணியிலிருந்து வீழ்ந்தால் அது பொறுக்கத்தக்கதன்று. ஆகவே அவ்வேலையைத் தொழிலறிந்தவரிடமே ஒப்படைக்க. அவர் வந்து, எதனையும் அளவாமலே “எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும்” என்று சொல்வாராயின், வலிமை எவ்வளவு, தரம் எவ்வளவு, குறைவு அன்ரனாவிலா கேபிளிலா என்று கேட்டறிதல் வீட்டாருடைய உரிமை. பெற்றோர் தனித்திருக்கும் வீட்டுக்குச் செல்லும் பிள்ளைகள், படம் நன்றாயிருக்கும் நாளிலேயே அவ்விரு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டிவைப்பாராக. படம் கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அத்தாள் உதவும். தொலைபேசியில் அதனை வாசிக்கக் கேட்டே பாதி நோயை அறிந்துகொள்ளலாம்.