உஷார்! வெனிலாத் தூள் விலை கிராஃபைக் காட்டிப் பணம் கேட்கிறார்களா? நகைப் பெட்டியைப் பூட்டுங்கள்!

பணம் கட்டப் போகிறீர்களா? நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கோவைப் பக்கம் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. வீட்டிலேயே கேக் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள். கேக் ஆர்டருக்காக எசன்ஸ் வாங்கப் போன இடத்தில் ஒரு பையன் அறிமுகமானான். போனை நீட்டி, "அக்கா, இந்த கிராஃபைப் பாருங்க. அரைச்ச வெனிலா. இந்தியாவுக்குள்ள வர்ற விலை பாதாளத்துல கிடக்கு, இங்கேருந்து போற விலை மேல நிக்குது. நடுவுல இருக்கறது பூரா நமக்குத்தான்" என்றான். கிராஃப் பொய்யில்லை. சுங்கக் கணக்கிலிருந்து எடுத்ததுதான். அதனால்தான் அவள் நம்பினாள்.

வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்தாள். 40 கிலோ தூள், கிலோ 9,000 ரூபாய். மொத்தம் 3,60,000. டப்பாவைத் திறந்ததும் வீடே மணத்ததாம். வெளிநாட்டில் வாங்குகிறவரைத் தேடிப் பிடித்து மாதிரி அனுப்பினாள். அவர் ஆய்வுக் கூட அறிக்கை கேட்டார். அறிக்கை வந்தது. மணம் தரும் வெனிலின் என்ற சேர்மம் இருக்கிறது, ஆனால் அசல் காயில் அதோடு கூடவே இருக்க வேண்டிய மற்ற வாசனைச் சேர்மங்கள் இல்லை. சாறு எடுத்து முடித்த காயைக் காயவைத்து அரைத்து, மேலே செயற்கை வெனிலினைத் தூவியிருக்கிறார்கள்!

ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு மிஞ்சும் காபிச் சக்கை தெரியுமல்லவா? அதேதான். பார்க்கக் காபித்தூள் மாதிரிதான் இருக்கும். சாரம் இருக்காது. அந்த 40 கிலோவும் அவள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வட்டி ஓடுகிறது.

கிராஃப் நிஜம். பொருள் பொய். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். சுங்கத்தில் வெனிலாவுக்கு இரண்டு எண்கள். முழுக் காய் 0905 10, நொறுக்கியதும் அரைத்ததும் 0905 20. ஒரு வருடத்தில் ஒரு எண்ணில் போன சரக்கின் மொத்தப் பணத்தை மொத்தக் கிலோவால் வகுக்கிறார்கள். வந்த விடையைத்தான் "விலை" என்று கிராஃபில் போடுகிறார்கள். அது யாரும் கொடுத்த விலையும் இல்லை, யாரும் வாங்கிய விலையும் இல்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். சக்கைத் தூள் 90 கிலோ, கிலோ 1,000 ரூபாய். அசல் தூள் 10 கிலோ, கிலோ 20,000 ரூபாய். சராசரி 2,900. அந்த விலைக்கு ஒரு கிராம்கூட விற்கவில்லை! அடுத்த வருடம் சக்கைத் தூள் 50 கிலோவாகக் குறைகிறது, அசல் அதே 10 கிலோ. சராசரி 4,166 ஆகிவிடும். கிராஃப் மலையேறும். விலையோ ஒரு பைசா மாறவில்லை. மிளகு, மஞ்சள் போல டன் டன்னாகப் போகிற சரக்கென்றால் இந்த ஆட்டம் ஓரளவு அடங்கும். அரைத்த வெனிலா கொஞ்சமாகப் போகிற சரக்கு. ஒரே ஒரு பார்சல் ஒரு நாட்டின் கிராஃப் கோட்டையே ஆட்டிவிடும். இறக்குமதிக் கோட்டில் இருப்பது சக்கையாகவும் ஏற்றுமதிக் கோட்டில் இருப்பது அசலாகவும் இருந்தால், நடுவில் தெரிகிற இடைவெளி லாபமா? இல்லவே இல்லை. அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

"சரி, அசல் சரக்கையே வாங்கினால்?" என்று கேட்பீர்கள். அதிலும் கவனம் வேண்டும். உலக வெனிலாவில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. அங்கே காற்றடித்தால் இங்கே விலை துள்ளும். 2017 மார்ச்சில் எனாவோ புயல் அடித்தது. 2018-ல் பதப்படுத்திய காய் கிலோ 600 டாலர் வரை போனது, வெள்ளியையே மிஞ்சியது. விலை விழாமல் தாங்கிப் பிடிக்க 2020-ல் அந்த நாட்டு அரசு கிலோ 250 டாலருக்குக் குறைத்து ஏற்றுமதி செய்யக் கூடாதென்று விதித்தது. 2023-ல் அந்த விதியை எடுத்தார்கள். விலை மடமடவென்று சரிந்தது. 250 டாலரை நம்பிக் கிடங்கில் சேர்த்து வைத்தவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரிலேயே பட்டிருக்கிறோமே! 2003-ஐ எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கர்நாடகப் பாக்குத் தோட்டம், கேரள மலைத் தோட்டம், நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு என்று எங்கும் வெனிலாக் கொடி ஏறியது. பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. நடுவதற்கான கொடித் துண்டுக்கே அடிதடி. திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் டார்ச்சோடு காவல் இருந்தார்கள். ஆனால் வெனிலா நட்டதும் காய்க்கிற பயிரில்லை. பூக்கவே மூன்று வருடம் ஆகும். பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும்; அதற்குள் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முற்ற ஒன்பது மாதம். 2003 விலையைப் பார்த்து நட்டவர்கள் காயைப் பறித்தபோது, மடகாஸ்கரில் விளைச்சல் மறுபடி பெருகியிருந்தது. பெரிய கம்பெனிகள் செயற்கை வெனிலினுக்குப் போயிருந்தன. கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே கேட்டார்கள். கையால் மகரந்தம் சேர்த்த கூலிக்கே அது காணாது. கொடியை வெட்டி எறிந்தவர்கள் ஏராளம். இன்றைக்கு மறுபடி "நட்டால் கோடி" என்று யாராவது கொடித் துண்டு விற்க வந்தால், மூன்று வருடம் கழித்து என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட மாட்டார்.

எதைப் பார்த்தால் பின்வாங்க வேண்டும்?

விலை ரொம்பக் குறைவா? பச்சைக் காய் ஐந்தாறு கிலோ பதப்படுத்தினால்தான் காய்ந்த காய் ஒரு கிலோ. அதை அரைத்துத்தான் தூள். முழுக் காயின் விலையைவிடத் தூள் மலிவாக வருகிறதென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். செயற்கை வெனிலின் கிலோ ஓரிரு ஆயிரத்துக்கே கிடைக்கிறது. ஏமாற்ற அது போதும்.

மணம் மூக்கில் அறைகிறதா? ஐஸ்கிரீம் கடை வாசல் மாதிரி அடித்துவிட்டுச் சட்டென்று மறைகிறதா? சந்தேகப்படுங்கள். நல்ல தூள் கரும்பழுப்பாக, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு, விரலில் ஒட்டும். மணம் மெதுவாக எழும்பி நின்று பேசும். வெளுத்து, மணல் மாதிரி உதிர்ந்தால் அது சக்கையாக இருக்கலாம்.

வெள்ளைத் தூளா? தண்ணீரில் போட்டதும் கரைகிறதா? அது சர்க்கரை போன்ற ஒன்றில் வாசனை ஏற்றியது. கேக்குக்குப் போடலாம், குற்றமில்லை. ஆனால் அது அரைத்த வெனிலா இல்லை. 0905 20 என்ற எண்ணில் அதை ஏற்றுமதி செய்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அறிக்கையில் வெனிலின் சதவீதம் மட்டும் போட்டிருக்கிறதா? போதாது! அசல் காயிலேயே அது இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதைத் தூவிக் காட்டுவது சுலபம். மற்ற சேர்மங்களும் சரியான விகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த அறிக்கை வேண்டும். அதுவும் விற்கிறவர் கொடுத்த மாதிரியை அல்ல, உங்கள் கையால் மூட்டையிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்தது.

"லைசென்ஸ் எல்லாம் நான் பார்த்துக்கறேன் அக்கா" என்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். ஏற்றுமதி, இறக்குமதி எதுவானாலும் ஐ.இ.சி. எண் உங்கள் பெயரில் வேண்டும். வெனிலா ஏற்றுமதிக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு வேண்டும். உணவுப் பொருளை உள்ளே கொண்டுவர எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் வேண்டும். துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் சரக்கு உள்ளே வராது, உங்கள் பணம் வெளியே போயிருக்கும்.

அவசரப்படுத்துகிறாரா? "நாளைக்கு விலை ஏறிடும்" என்கிறாரா? ஏறட்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? பதறாதீர்கள். மீதித் தொகையை இப்போதே நிறுத்துங்கள். பிரிக்காத மூட்டை இருந்தால் சீலோடு அப்படியே வையுங்கள், போட்டோ எடுங்கள். பேசியதையெல்லாம் அழிக்காமல் போனில் வைத்திருங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஆள் காணாமல் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், இன்றைக்கே. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.