தோட்டத்தைக் காக்கும் அம்மன்

நாட்டுக்கோ ஊருக்கோ காவலாக ஒருவரைப் போற்றி, அவருக்கென ஒரு நாளைக் கொண்டாடும் வழக்கம் உலகின் பல இடங்களில் உண்டு. அயர்லாந்து மக்கள் மார்ச் 17ஆம் நாள் புனித பேட்ரிக்கின் நினைவாகப் பச்சை உடை அணிந்து ஊர்வலம் செல்கிறார்கள். தமிழர்களுக்கு அப்படி நாடு முழுவதற்கும் ஒருவர் என்று இல்லை. ஊருக்கு ஊர் ஒரு காவல் தெய்வம் உண்டு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அந்த இடம் மாரியம்மனுக்கு உரியது.

இம்மலையின் புகழ்பெற்ற போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கினார். அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையுமே பெரும்பாலும் அழைத்து வந்தனர். மக்களோடு ஊர்த் தெய்வமும் கப்பலேறியது. மழையைத் தருபவள், அம்மை நோயிலிருந்து காப்பவள் என்பது மாரியம்மனைப் பற்றிய நம்பிக்கை. கேமரன் மலையில் மழைக்குக் குறைவே இல்லை. திருவிழா நாளில் அது சற்று விட வேண்டுமே என்பதுதான் கவலை!

தோட்டத் திருவிழா காப்புக் கட்டுதலோடு தொடங்கும். பால்குடம், கரகம், தீமிதி, உருமி மேளம் முழங்க அம்மன் ஊர்வலம் என ஒவ்வொன்றும் தொடரும். இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது 'உபயம்' என்னும் ஏற்பாடு. ஒவ்வொரு நாளின் பூசைச் செலவையும் அன்னதானத்தையும் ஒரு குடும்பமோ சில குடும்பங்கள் சேர்ந்தோ ஏற்றுக்கொள்ளும். கையில் பணம் இல்லாதவர் விறகு பிளப்பார், தோரணம் கட்டுவார், பெரிய அண்டாவில் சோறு வடிப்பார். நாட்கூலி வாங்கியவர்கள் யாரிடமும் கையேந்தாமல் விழா எடுத்தது இப்படித்தான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். சரிவுகளில் கொழுந்து வெட்டுவோரில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். உபயம் ஏற்கத் தோட்டத்தில் குடும்பங்கள் குறைவு. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும், மக்கள் வெளியேறிய பல இடங்களில் கோயில்களும் இடம்பெயர நேர்ந்தது. ஆகவே, ஆள் இல்லாத கோயில் என்ன ஆகும் என்பது வீண் அச்சமன்று.

இதற்கு மக்கள் கண்ட வழி எளியது. விழாவை வார இறுதிக்கோ பள்ளி விடுமுறைக்கோ மாற்றிக்கொள்கிறார்கள். நகரத்தில் வேலை செய்யும் மகன், பெற்றோர் ஏற்றுவந்த உபயத்தைத் தன் பெயரில் தொடர்கிறார். லயத்து வீட்டில் பிறந்தவர்கள் பேரப்பிள்ளைகளுடன் தாப்பாவின் வளைவுப் பாதையில் ஏறி வருகிறார்கள். அன்று மட்டும் பழைய வீடுகளில் படுக்க இடம் போதாது.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்க்கப்படும். கார்கள் மலையிறங்கும். ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை வெட்டியாக வேண்டிய கொழுந்து, சரிவில் காத்திருக்கும்.