பச்சைப் பலகைக்கு எந்த ஸ்டெயின்?

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விஷயம் எங்கள் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு பழைய மரக்கடையில், கூலிங் டவர் பிரித்த பலகை என்று சொல்ல, அப்பா சல்லிசாக ஒரு வண்டி வாங்கி வந்தார். லேசாகப் பச்சை பூத்திருந்தது. உடைந்த துண்டுகளை அம்மா விறகாக்கினாள். அந்தச் சாம்பலில்தான் பாத்திரமும் தேய்த்தாள். பச்சை நிறம் ஏன் என்று ஒர்க்‌ஷாப் சாரிடம் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வைரம் பாய்ந்த மரத்தைக் கரையான் லேசில் தொடாது. வெளிப்பக்கத்து வெள்ளை மரம்தான் அதற்கு அல்வா. எனவே மரத்தை இரும்பு சிலிண்டருக்குள் தள்ளி மூடி, வேக்குவம் போட்டுக் காற்றை இழுத்து, மருந்துக் கரைசலை விட்டு பிரஷர் ஏற்றுகிறார்கள். மருந்து உள்ளே ஏறிவிடும், ஊசி போட்ட மாதிரி. இப்படித் தார் எண்ணெய் ஏற்ற ஜான் பெத்தெல் என்பவர் இங்கிலாந்தில் 1838-லேயே பேடன்ட் வாங்கினார். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவரோ, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த நம் நாட்டு சொண்டி காமேசம்! 'ஆஸ்கு' என்று பேர். ஆர்சனிக், காப்பர் சிம்பல்களைச் சேர்த்துப் படியுங்கள், புரியும். கரன்ட் கம்பம் முதல் வீட்டு மேடை வரை உலகமெல்லாம் போனது. ஆர்சனிக் கசியும் என்ற பயத்தில், அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு வேலைக்கு நிறுத்திவிட்டார்கள்.

எரித்தால் ஆர்சனிக் புகையில் கொஞ்சம் போகும், மீதி சாம்பலில் தங்கும். "ஒரு மாசமா எரிக்கிறோம், என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா. "உடனே தெரியாதும்மா, அதான் பயம்" என்றேன். படிக்காத வீட்டில் படித்தவன் பேச்சு எடுபட நாளாகும். அப்பா ஒன்றும் பேசாமல் சாம்பலை மூட்டை கட்டினார். முருங்கைக்கும் போடவில்லை, கிணற்றோரமும் கொட்டவில்லை.

மிஞ்சிய முழுப் பலகையில், சேறாகும் பின்வாசலுக்கு மேடை போட்டோம். மூக்கில் துணி கட்டி, வெட்டவெளியில் வைத்து அறுத்தோம். உப்புத்தாள் போடவே இல்லை, தூள் பறக்கும். பிளீச்சிங் பவுடரும் கூடாது, குரோமியத்தைக் கெட்ட ரகமாக மாற்றிவிடலாம். சோப்புத் தண்ணீர் போதும்.

ஆசாரி வார்னிஷ் அடிக்கச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வார்னிஷும் பெயின்ட்டும் மேலே தோல் மாதிரி நிற்கும். வெயிலிலும் மழையிலும் பலகை விரிந்து சுருங்க, தோல் உரியும். மறுபடி அடிக்கச் சுரண்டணும், சுரண்டினால் அதே விஷத்தூள். உள்ளே ஊறுகிற ஆயில் ஸ்டெயின், அதிலும் ரேகை தெரிகிற பாதி நிறம்தான் சரி. ஆர்சனிக் வெளிவருவதையும் இது குறைக்கும். நிறமே இல்லாத 'கிளியர்' வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்த நிறத்தூள்தான். பச்சை மேல் பிரவுன் எப்படித் தெரியும் என்று ஓரத்தில் தடவிப் பாருங்கள். எங்களுக்கு முதல் டப்பா சாணி நிறம் காட்டியது.

ஈரப் பலகையில் ஸ்டெயின் ஏறாது. மருந்தேற்றிய புதுப் பலகை காய வாரக்கணக்காகும். நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், முத்தாக நின்றால் பொறுங்கள், உறிஞ்சினால் அடிக்கலாம். நாங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை கழித்து, தையில் சாயங்கால நிழலில் அடித்தோம். ரேகைப் போக்கில் மெல்லிசாக ஒரு கோட். கால்மணி கழித்து ஊறாததைத் துடைக்கணும், விட்டால் பிசுபிசுக்கும். அறுத்த முனை ஸ்ட்ரா மாதிரி குடிக்கும், அங்கே இரண்டு கோட்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்! லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து சூடாகி, தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் டின்னில் முக்கி வைக்கணும்.

ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மறுபடி அடிக்கணும். மேடையில் உட்காரலாம், நேராகச் சோறு வைத்துத் தின்னக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா சாம்பலை விட்டுவிட்டாள். "சபீனா வாங்க மாசாமாசம் காசு நீதான் தரணும்" என்கிறாள்.