மரபில் வருவதும் வாராததும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடும் வெயிலில் உப்பு வாரும் தொழிலாளரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துவிடுகின்றன. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் பாதமோ மென்மையாகவே இருக்கிறது. பெற்றோரிடமிருந்து மரபில் வருவது எது? வாராதது எது? இவ்வினாக்களை விளக்கக் கணினி விளையாட்டு ஒன்று துணைசெய்கிறது.

2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி சிம்ஸ் 2’, திரையில் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வாழச்செய்யும் விளையாட்டு. அதில் கருமுடி ஓங்கு பண்பு. பொன்முடி ஒடுங்கு பண்பு. ஒருவரிடம் இரண்டிற்கும் உரிய மரபணுக்கள் சேர்ந்திருந்தால் கருமையே வெளிப்படும், பொன்னிறம் மறைந்திருக்கும். குழந்தை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறது. ஆகவே, கருமுடியுடைய பெற்றோர் இருவரிடமும் பொன்னிறம் மறைந்திருப்பின், பொன்முடிக் குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கருத்தே இதற்கு அடிப்படை. உண்மையில் மனித முடியின் நிறத்தைப் பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. விளையாட்டு அதனைச் சுருக்கிக் காட்டுகிறது.

அவ்விளையாட்டில் சமையலில் தேர்ந்த தாயின் குழந்தையும் அத்திறனைப் புதிதாகவே பயில வேண்டும். வாழ்விலும் அவ்வாறே. உழைப்பால் காய்த்த கை, மரபணுவில் பதிவதில்லை. உப்பளத் தொழிலாளரின் பிள்ளை உப்பு வாருவதற்கென்றே பிறப்பதில்லை. தலைமுறைதோறும் அத்தொழிலே தொடருமாயின், அதற்குக் காரணம் மரபணு அன்று. கல்வியும் வாய்ப்பும் எட்டாமையே ஆகும். மரபணுவை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. கல்வியையும் வாய்ப்பையும் எல்லார்க்கும் வழங்க இயலும்.