ஒத்தாரோடு ஆடும் ஆட்டம்



போட்டி என்பது ஒத்தவரிடையே நிகழ்வது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலே பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பதினெட்டு வயது இளைஞனோடு நாம் ஓடவிடுவதில்லை. ஆயின், வளர்ந்தோரிடையே வயது மாத்திரம் திறமையைக் காட்டாது. அங்கே ஒத்தவரைக் கண்டறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு டிஸ்க் கோல்ப் என்னும் தட்டெறி விளையாட்டில் கண்டுள்ள விடையை இன்று ஆராய்வோம்.

கோல்ப் ஆட்டத்தின் பந்துக்கும் குழிக்கும் பதிலாக, இதிலே கையால் எறியும் வட்டத் தட்டும், சங்கிலிகள் தொங்கும் கூடையும் உண்டு. மிகக் குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவரே வென்றவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1975 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி மைதானம் அமைத்த எட் ஹெட்ரிக் என்பார், மறு ஆண்டில் தொழில்முறை டிஸ்க் கோல்ப் சங்கத்தையும் நிறுவினார். பெயர் அவ்வாறாயினும், அதன் உறுப்பினருட் பெரும்பாலார் விருப்பத்துக்காக விளையாடுவோரே.

இச்சங்கம் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும், அவர் அண்மையில் ஆடிய போட்டிகளைக் கொண்டு ஒரு தரப்புள்ளி வழங்குகிறது. தேர்ந்த ஆட்டத்தின் அளவுகோல் 1000 புள்ளி. நடுத்தரமான 18 கூடை மைதானத்தில் ஓர் எறியின் வேற்றுமை ஏறத்தாழ 10 புள்ளியாகும். விருப்ப ஆட்டக்காரருக்கான பிரிவுகள் நான்கு. 850க்குக் குறைந்தோர் தொடக்க நிலையிலும், 900க்குக் குறைந்தோர் பொழுதுபோக்கு நிலையிலும், 935க்குக் குறைந்தோர் இடைநிலையிலும் ஆடலாம். அதற்கு மேற்பட்டோர்க்கு உரியது உயர்நிலை. பெண்களுக்கும், 40 வயது முதலான மூத்தோருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

இவ்வெல்லைகள் வீணானவையல்ல. 840 புள்ளியுடையவர் 930 புள்ளியுடையவரோடு மோதினால், ஒரு சுற்றிலேயே ஒன்பது எறிகள் பின்தங்குவார். அத்தகைய போட்டியின் முடிவு தொடங்குமுன்னரே தெரிந்துவிடும். மேலோரோடு ஆடியே கற்க வேண்டும் என்று சிலர் வாதிப்பர். அவர்களுக்கும் வழி அடைக்கப்படவில்லை. தாழ்ந்த தரத்தார் விரும்பினால் மேற்பிரிவில் ஆடலாம். மேல் தரத்தார் கீழிறங்குதலே தடுக்கப்பட்டுள்ளது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. விருப்ப ஆட்டக்காரருக்குப் பணத்துக்குப் பதிலாகத் தட்டு, பை முதலிய பொருள்களே பரிசாகும். கீழ்ப்பிரிவில் முதல்வராக வருபவர் மேற்பிரிவில் ஆறாமவரைவிட அதிகம் பெறுவாராயின், முன்னேற்றம் நட்டமாகிவிடும். தேறியவரும் கீழேயே தங்க விரும்புவர். வேண்டுமென்றே பிழையாக எறிந்து தரத்தைத் தாழ்த்த முனைவோருமுண்டு. ஒருவரது வழமைக்கு 100 புள்ளிக்கு மேல் தாழ்ந்த சுற்றுகளைச் சங்கம் கணக்கிற் கொள்வதில்லை. ஆனால் சிறிது சிறிதாகத் தாழ்த்துவோரை எந்தக் கணக்கும் பிடித்துவிடாது.

எனவே, எல்லை வகுப்பதோடு போட்டி அமைப்போரின் கடமை முடிந்துவிடாது. ஆசையின் வேரையும் அவர்கள் அறுத்தல் வேண்டும். பங்குபற்றும் அனைவருக்கும் ஒத்த பெறுமதியுள்ள பொருளை வழங்கி, வென்றவருக்கு ஒரு கிண்ணத்தை மாத்திரம் அளித்தால், கீழே தங்குவதில் இலாபமில்லை. அன்றியும், பிரிவுகளை அளவுக்கு மீறிப் பெருக்குதல் ஆகாது. முப்பது பேர் கூடிய போட்டியைப் பத்துப் பிரிவாக்கினால், மூவரில் ஒருவர் வென்றவராவார். அவ்வெற்றியை வென்றவரே மதியார். ஆட்டக்காரர் சிலரேயாயின், அடுத்தடுத்த இரு பிரிவுகளை இணைத்தலே நன்று.

மாணவரை வகுப்பேற்றும்போது, அவர்களாற் செய்யக்கூடியதும் சற்று முயன்றே செய்ய வேண்டியதுமான பாடத்தைக் கொடுக்கிறோம். திறமைப் பிரிவின் நோக்கமும் அதுவே. முதன்முறை தட்டேந்தி வரும் புதியவர், தம்மை ஒத்தாரோடு நேர்மையாகப் பொருதித் தோற்றாலும் மீண்டும் வருவார். தேர்ந்தவர் ஒருவர் கீழிறங்கித் தம்மை வென்றாரென அறிந்தால் அவர் திரும்பி வரமாட்டார். புதியவர் வராத விளையாட்டு நெடுநாள் நிலையாது.