நூலகக் கணினி எதை மறக்க வேண்டும்?

குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றிப் படிக்க நினைக்கும் பெண்ணுக்கு வீட்டுக் கைபேசி உதவாது; அது எல்லோர் கையிலும் புழங்குவது. ஆந்திராவின் திருப்பதியிலோ சித்தூரிலோ அவள் தேடிப் போகக்கூடியவை நெட் சென்டரும் நூலகமும்தான். 2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகளின்படி நெட் சென்டரில் அடையாள அட்டை காட்ட வேண்டும். வந்தவர் பெயரும் பார்த்த தளங்களும் ஓராண்டுக்குப் பதிவில் கிடக்கும். ஆனால் அது தொழிலாக இணையம் தருவோருக்கான விதி. நூலகம் அந்தச் சுமையைத் தானாக ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் லெபனான் என்ற சிற்றூரின் கில்டன் நூலகம் 2015இல் இன்னும் துணிந்து, தன் இணைய இணைப்பில் ஒரு பங்கை டோர் வலையமைப்புக்குக் கொடுத்தது. டோரில் நம் கோரிக்கை மூன்று கணினிகள் வழியே போகும். முதல் கணினிக்கு நாம் யாரென்று தெரியும், எங்கே போகிறோமென்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. போலீசார் கவலை தெரிவித்ததும் கில்டனில் அந்தச் சேவை நின்றது. ஊர்மக்கள் ஆதரவாகத் திரண்டதால் செப்டம்பர் 15 அன்று நூலகக் குழு அதை மீண்டும் அனுமதித்தது.

இந்தியாவில் டோரைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் டோர் வழியே செய்தாலும் மோசடி மோசடிதான். சொந்தக் கணக்கில் நுழைந்துவிட்டால் டோராலும் நம் பெயரை மறைக்க முடியாது.

நம்மூர் நூலகத்திடம் டோர் கேட்க வேண்டாம். இவ்வளவு போதும்: ஒருவர் கணினியை விட்டு எழுந்து போனதும் தேடல் வரலாறு அழிய வேண்டும். புத்தகம் திரும்பியதும் அதை எடுத்தவர் பெயர் நீங்க வேண்டும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 8 பைசா நூலக வரி கட்டுகிறவர்கள் இதைக் கேட்கலாம்.

நம் பக்கமும் கவனம் வேண்டும். திருமலை தரிசன டிக்கெட்டுக்குப் பொதுக் கணினியில் ஆதார் எண்ணைத் தட்டுவோர், தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் உலவுவதை நினைவில் வைக்கட்டும். தனிப்பட்ட சாளரத்தில் திறந்து, முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பணம் போனால் உடனே 1930ஐ அழையுங்கள்.

உங்களைப் பற்றி நூலகம் என்னென்ன பதிவு வைத்திருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆந்திராவில் மாவட்ட அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். சித்தூர்த் தமிழர் பலருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. அதனால் தயங்க வேண்டாம்: வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அலுவலரின் கடமை.